பூஸ்ட் எகிறுதா? முதல்ல வேஸ்ட்கேட்ட பாருங்க: மாடிஃபை பண்ண டர்போ கார்ல ஓவர்பூஸ்ட் கண்டுபிடிக்கிற வழி

டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்து வர்ற எக்ஸாஸ்ட் குழாய்) மாத்தியாச்சு, இன்டேக் (காத்து உள்ள வர்ற குழாய்) மாத்தியாச்சு, முதல் தடவ முழுசா மிதிக்கிறீங்க, கேஜ் முள்ளு நீங்க கேட்ட 1 பார்ல நிக்காம 1.2, 1.4ன்னு ஏறிட்டே போகுது, திடீர்னு யாரோ பின்னாடி கயிறு கட்டி இழுத்த மாதிரி வண்டி சட்டுன்னு அடங்குது. அதுதான் ஃப்யூவல் கட். பூஸ்ட், அதாவது டர்போ உள்ள தள்ளுற காத்தோட அழுத்தம், எல்லைய தாண்டிடுச்சுன்னு ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோல நிறுத்தி இன்ஜின காப்பாத்துது. இந்த இடத்துல நிறைய பேரு பண்றது ரெண்டு விஷயம். ஒண்ணு, பூஸ்ட் கன்ட்ரோலர் திருக அப்படியும் இப்படியும் திருகிப் பாக்குறது. இன்னொண்ணு, மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டுல அழுத்தத்த அளக்கிறது) சிக்னல ஒரு அளவுக்கு மேல போகவிடாம மறைக்கிற சின்ன டப்பாவ வாங்கி மாட்டி, கட்டே வராம பண்றது. முதலாவதுல நேரம்தான் போகும், ரெண்டாவதுல இன்ஜினே போகும். ஈசியூவுக்கு உள்ள வர்ற காத்து எவ்வளவுன்னே தெரியாது, கம்மி காத்துக்கு தேவையான பெட்ரோல மட்டும் ஊத்தும், லீனா (காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம) எரிஞ்சு நாக்கிங் ஆகி (கலவை நேரம் தப்பி தானா வெடிச்சு) பிஸ்டன்ல ரிங் உக்கார்ற இடம் உடைஞ்சுடும். தயவுசெஞ்சு அந்த டப்பா பக்கமே போகாதீங்க. கட் வருதுன்னா அது உங்களுக்கு கெடச்ச எச்சரிக்கை, காரணத்த தேடுங்க.

தேடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் மனசுல நல்லா பதியணும். டர்போவ சுத்துறது எக்ஸாஸ்ட் புகை. அது சுத்துனா காத்து அதிகமா உள்ள போகும், காத்து அதிகமானா புகையும் அதிகமாகும், புகை அதிகமானா டர்போ இன்னும் வேகமா சுத்தும். இந்த சக்கரம் தானா நிக்கவே நிக்காது. இத நிறுத்துறதுக்கு இருக்கிற ஒரே கதவு வேஸ்ட்கேட், அது திறந்தாதான் புகையில ஒரு பங்கு டர்பைன (டர்போல புகை சுத்துற சக்கரத்த) தொடாம வெளிய போகும். அதனால ஓவர்பூஸ்ட்னா கேள்வி எப்பவும் மூணுதான்: கதவத் திறக்கச் சொல்ற சிக்னல் போய்ச் சேருதா, சேர்ந்தா கதவு முழுசா திறக்குதா, முழுசா திறந்தும் அந்த ஓட்டை போதுமா. நான் கீழ சொல்றது எல்லாமே இந்த மூணுல ஒண்ணுலதான் வந்து நிக்கும்.

காரணம் தெரியுற வரைக்கும் வண்டிய முழு மிதி மிதிக்க வேண்டாம். சோதனை ஓட்டத்த டைனோலயோ (வண்டிய ஒரே இடத்துல நிறுத்தி உருளை மேல ஓட்டுற மெஷின்) மூடின ட்ராக்லயோ வெச்சுக்குங்க, பொது ரோட்டுல வேண்டவே வேண்டாம். முடிஞ்சா பக்கத்துல ஒருத்தர் லேப்டாப்ப பாத்துட்டு இருக்கட்டும், ஓட்டுறவரு கேஜ பாக்கக் கூடாது. எந்த நம்பர்ல கால எடுக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சுக்குங்க.

கேஜ் சொல்றது உண்மையா?

எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி, நிஜமாவே பூஸ்ட் அதிகமான்னு உறுதி பண்ணுங்க. இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் ஆன்ல வெச்சு மேப் சென்சார் ரீடிங் பாருங்க. கடல் மட்டத்துக்கு பக்கத்துல இருந்தா 100 கிலோபாஸ்கல் கிட்ட காட்டணும், 1500 மீட்டர் உயரத்துல இருந்தா 85 கிட்ட காட்டும். அத விட்டு ரொம்ப விலகி இருந்தா சென்சார்லயோ அதோட ஸ்கேலிங்லயோ கோளாறு, பெரிய சென்சார் போட்டுட்டு ட்யூன்ல (ஈசியூ செட்டிங் ஃபைல்ல) அளவு மாத்த மறந்த கேஸ்ல இது அடிக்கடி நடக்கும்.

அடுத்து இங்க ஒரு குழப்பம் வரும். மேப் சென்சார் காட்டுறது மொத்த அழுத்தம், அதாவது வெளிக்காத்தோட அழுத்தமும் சேர்ந்தது. டேஷ்போர்டு கேஜ் காட்டுறது அதுக்கு மேல உள்ள பூஸ்ட் மட்டும். லாக்ல (லேப்டாப்ல பதிவாகுற ரீடிங்ல) 200 கிலோபாஸ்கல்னா பூஸ்ட் சுமார் 1 பார்தான், 14.5 பிஎஸ்ஐ. இது தெரியாம ரெண்டு பார் பூஸ்ட் அடிக்குதுன்னு பதறினவங்கள பாத்திருக்கேன்.

இதுக்கு நேர்மாறானது இன்னும் ஆபத்து. சென்சாரோட எல்லை 2.5 பார்னு வெச்சுக்குங்க, உண்மை அழுத்தம் 2.8 போனாலும் லாக்ல 2.5ல கோடு நேரா படுத்துக்கும். பாக்க ரொம்ப அழகா, கன்ட்ரோல்ல இருக்கிற மாதிரி இருக்கும். மொபைல் ஆப்லயும் இதே சிக்கல் உண்டு, ஓபிடி (வண்டியோட டயக்னாஸ்டிக் சாக்கெட்) வழியா சாதாரணமா வர்ற மேனிஃபோல்டு பிரஷர் ரீடிங் 255 கிலோபாஸ்கலுக்கு மேல காட்டவே காட்டாது, அதுக்கு ஒரு பைட் தான் ஒதுக்கியிருக்காங்க. கோடு ஒரு நம்பர்ல ஸ்கேல் வெச்சு கிழிச்ச மாதிரி நேரா நின்னா சந்தேகப்படுங்க. ரப்பர் ட்யூப் போட்ட மெக்கானிக்கல் கேஜ் ஒண்ண தற்காலிகமா சேர்த்து ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தா உண்மை தெரிஞ்சிடும்.

மேப் சென்சார் மேனிஃபோல்டுல நேரா உக்காராம ஒரு ஹோஸ் வழியா சிக்னல் வாங்குற வண்டின்னா அந்த ஹோஸையும் இப்பவே பாத்துடுங்க. அதுல கசிவு இருந்தா ஈசியூ கம்மி பூஸ்ட்னு நினைச்சு வேஸ்ட்கேட்ட இன்னும் இறுக்கி மூடும், உண்மை பூஸ்ட் மேல போயிட்டே இருக்கும், லாக்ல எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும்.

லாக்ல கோட்டோட வடிவம்

ஆர்பிஎம், பூஸ்ட், டார்கெட் பூஸ்ட், வேஸ்ட்கேட் டியூட்டி (வேஸ்ட்கேட் சொலினாய்டுக்கு ஈசியூ எத்தனை சதவீத நேரம் கரன்ட் கொடுக்குதுங்கிறது), த்ராட்டில், ஏஎஃப்ஆர் (காத்து பெட்ரோல் விகிதம்), நாக், இந்த ஏழு போதும். பாக்கறதுக்கு ஆசையா இருக்குன்னு முப்பது விஷயத்த டிக் பண்ணா ஒரு செகண்டுக்கு ரெண்டு மூணு ரீடிங்தான் வரும், அரை செகண்ட் வந்துட்டுப் போற ஸ்பைக் அதுல மாட்டவே மாட்டாது. மூணாவது இல்ல நாலாவது கியர்ல 2000 கிட்ட ஆரம்பிச்சு மெதுவா மேல கொண்டு போங்க, பேசி வெச்ச எல்லை வந்ததும் கால எடுத்துடுங்க.

இப்ப கோட்ட பாருங்க. பூஸ்ட் வந்ததும் டார்கெட்ட தாண்டி 0.2, 0.3 மேல குதிச்சுட்டு உடனே இறங்கி ஒழுங்கா நிக்குதுன்னா அது ஸ்பைக், கதவு திறக்க லேட் ஆகுது, அவ்வளவுதான். பூஸ்ட் சரியான நம்பர்ல வந்து நின்னு, அப்புறம் ஆர்பிஎம் ஏற ஏற கூடவே சாய்வா ஏறிட்டு போகுதுன்னா அது க்ரீப், கதவு முழுசா திறந்தும் புகை போக வழி பத்தல. எங்கயும் நிக்காம மலை ஏறுற மாதிரி ஒரே ஏத்தமா போச்சுன்னா கதவு திறக்கவே இல்ல, இதுதான் உடனடி ஆபத்து, இந்த கோட்ட பாத்துட்டா அடுத்த ஓட்டமே கிடையாது, நேரா பானட்ட திறங்க. கோடு ரம்பம் பல்லு மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கி போனா ட்யூன்ல க்ளோஸ்டு லூப் (நிஜ பூஸ்ட்ட பாத்து ஈசியூ தானா டியூட்டிய திருத்துறது) செட்டிங் முரடா இருக்கு.

கியர் மாத்தும்போதோ காலை எடுக்கும்போதோ கம்ப்ரசர் (டர்போல காத்த அமுக்குற பாதி) பக்கத்துல மட்டும் ஒரு செகண்ட் பிரஷர் குதிச்சா அத ஓவர்பூஸ்ட் கணக்குல சேர்க்காதீங்க, அது ப்ளோ ஆஃப் வால்வு (காலை எடுக்கும்போது அடைபட்ட காத்த வெளிய விடுறது) பக்கத்து விஷயம்.

எல்லாத்தையும் கழட்டிட்டு ஸ்ப்ரிங்க மட்டும் விடுங்க

இந்த ஒரு சோதனைக்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன். சொலினாய்டு (ஈசியூ ஆட்டுற கரன்ட் வால்வு), மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர், டி ஜாயின்ட், இதையெல்லாம் வழியில இருந்து எடுத்துட்டு, கம்ப்ரசர் ஹவுசிங்ல இருக்கிற நிப்பிள்ல இருந்து ஆக்சுவேட்டர் (காத்தழுத்தத்துல ராட தள்ளி வேஸ்ட்கேட்ட திறக்கிற சாமான்) நிப்பிளுக்கு ஒரே ஒரு புது ஹோஸ், குட்டையா, நடுவுல எதுவும் இல்லாம போடுங்க. ரெண்டு முனையும் கிளாம்ப். கழட்டுன மத்த வாய்கள மூடிடுங்க, எக்ஸ்டர்னல் வேஸ்ட்கேட்டோட மேல் போர்ட்ட மட்டும் மூடாதீங்க. இப்ப வேஸ்ட்கேட்டுக்கு எஜமான் அதுக்குள்ள இருக்கிற ஸ்ப்ரிங் மட்டும்தான். 0.5 பார் ஸ்ப்ரிங்னா பூஸ்ட் 0.5 கிட்டதான் வரணும். பாதி மிதில ஆரம்பிச்சு, ஸ்ப்ரிங் அளவ விட 0.2 பார் மேல போன உடனே கால எடுத்துடுங்க.

ரிசல்ட் மூணுல ஒண்ணா இருக்கும். ஸ்ப்ரிங் அளவுலயே ரெட்லைன் வரைக்கும் நின்னா டர்போ, ஆக்சுவேட்டர், ஃப்ளாப் (வேஸ்ட்கேட்டோட மூடி) எல்லாம் நல்லா இருக்கு, தப்பு நீங்க கழட்டி வெச்ச சாமான்லயோ ட்யூன்லயோதான். நிக்காம ஓடுனா ஆக்சுவேட்டர்லயோ ஃப்ளாப்லயோ கோளாறு. முதல்ல நின்னு அப்புறம் ஆர்பிஎம் கூட ஏறுனா க்ரீப். பத்து நிமிஷ வேலையில பாதி சாத்தியங்கள் காலி ஆயிடும். இத செய்யாம சொலினாய்டு மாத்தி, கன்ட்ரோலர் மாத்தி, ட்யூனர்கிட்ட பத்து ஃபைல் வாங்கி ஓட்டுறது வீண்.

ஸ்ப்ரிங்ல சரியா நின்னா: ஹோஸும் சொலினாய்டும்

முதல்ல ஹோஸ். கண்ணுல பாத்தா போதாது, கையில எடுத்து வளைச்சுப் பாருங்க. டர்போ சூட்டுல வெந்து வெந்து ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருக்கும், கிளாம்புக்கு அடியில தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் இருக்கும், நேரா இருக்கும்போது மூடிக்கும், இன்ஜின் அசையும்போது வாய பொளக்கும். அந்த வழியா காத்து கசிஞ்சா ஆக்சுவேட்டருக்கு போற அழுத்தம் கம்மியாகும், கதவு லேட்டா திறக்கும், பூஸ்ட் ஏறும். மெல்லிசு சிலிக்கான் ஹோஸ்னா திரும்புற இடத்துல மடிஞ்சு அடைச்சிருக்கான்னும் பாருங்க. சூடு பட்டா இன்னும் இளகி மடியும், அதனால காலைல நல்லா இருக்கும், அரை மணி ஓட்டுனதும் பூஸ்ட் எகிறும்.

மூணு போர்ட் சொலினாய்டுல போர்ட் மாத்தி மாட்டுறது ரொம்ப சகஜம். நம்பர மனப்பாடம் பண்ண வேண்டாம், வாயால ஊதிப் பாருங்க. கரன்ட் இல்லாதப்ப கம்ப்ரசர் பக்கத்து வாய்ல ஊதுனா காத்து ஆக்சுவேட்டர் பக்கத்து வாய் வழியா வரணும். அப்படி மாட்டியிருந்தா வயர் அறுந்தாலும் கனெக்டர் கழண்டாலும் வண்டி ஸ்ப்ரிங் பூஸ்ட்டுக்கு இறங்கிடும், இன்ஜின் தப்பிக்கும். தலைகீழா மாட்டியிருந்தா கரன்ட் இல்லாதப்ப ஆக்சுவேட்டருக்கு எதுவுமே போகாது, ஒரு ஃப்யூஸ் போனா இன்ஜின் போச்சு. அப்புறம் 12 வோல்ட் கொடுத்து டக்குன்னு சத்தம் வருதா, வழி மாறுதான்னு பாருங்க. சில சமயம் சத்தம் வரும், உள்ள எண்ணெய் பிசுக்கு ஒட்டி வழி மட்டும் மாறாது.

ரெண்டு போர்ட் சொலினாய்டோ ப்ளீட் டைப் மேனுவல் கன்ட்ரோலரோ போட்டிருந்தா வழியில ஒரு ரெஸ்ட்ரிக்டர் இருக்கும், 1 மில்லிமீட்டர் சுத்து வட்டாரத்துல ஓட்டை போட்ட குட்டி பித்தளைத் துண்டு. ஃபேக்டரி ஹோஸுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும், ஹோஸ தூக்கி போட்டுட்டு புதுசு மாட்டும்போது அதுவும் கூடவே குப்பைக்குப் போயிருக்கும். அது இல்லேன்னா பழைய டியூட்டி கணக்கெல்லாம் தப்பாயிடும். இருந்தும் தூசி அடைச்சிருந்தா சிக்னலே போகாது, பூஸ்ட் நிக்காம ஓடும். பந்தும் ஸ்ப்ரிங்கும் இருக்கிற டைப்புல அம்புக்குறி கம்ப்ரசர்ல இருந்து ஆக்சுவேட்டர் பக்கம் பாக்கணும், திருப்பி மாட்டுனா காத்தே பந்த அமுக்கி வழிய மூடிடும்.

சிக்னல எங்க இருந்து எடுக்குறீங்கன்னும் பாருங்க. சிலர் சுலபமா கைக்கு எட்டுதுன்னு த்ராட்டிலுக்கு அப்புறம் இருக்கிற மேனிஃபோல்டுல இருந்து எடுப்பாங்க. பாதி மிதில மேனிஃபோல்டுல அழுத்தம் கம்மியா இருக்கும், கம்ப்ரசர் பக்கம் அதிகமா இருக்கும், வேஸ்ட்கேட்டுக்கு அது தெரியாது, டர்போ தேவைக்கு மேல சுத்திட்டு இருக்கும். நீள ஹோஸ்னா சிக்னல் போய்ச்சேரவும் லேட் ஆகும், ஸ்பைக் வரும். என் கருத்து, ஆக்சுவேட்டர் சிக்னல் கம்ப்ரசர் ஹவுசிங்ல இருந்துதான் எடுக்கணும், குட்டையா எடுக்கணும்.

இதெல்லாம் சரின்னா ட்யூன். ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் போட்டதும் அதே டியூட்டிக்கு முன்ன விட அதிக பூஸ்ட் வரும், பழைய ஃபைல அப்படியே வெச்சு ஓட்டக் கூடாது. டியூட்டிய சைபர்ல வெச்சு ஒரு ஓட்டம், அது ஸ்ப்ரிங் அளவுல நிக்கணும். அப்புறம் 10 சதவீதம், லாக், 20 சதவீதம், லாக், இப்படி உங்க வண்டிக்கு எந்த டியூட்டிக்கு எவ்வளவு பூஸ்ட்னு ஒரு அட்டவணை போடுங்க. அத பேஸ் டேபிளா வெச்ச பிறகுதான் க்ளோஸ்டு லூப்ப ஆன் பண்ணணும். ஸ்பைக் மட்டும்தான் பிரச்சனைன்னா பெரும்பாலும் க்ளோஸ்டு லூப்போட இன்டெக்ரல் பகுதிதான் காரணம், டர்போ ஸ்பூல் ஆகுற (வேகம் பிடிக்கிற) நேரம் முழுக்க பூஸ்ட் கம்மி கம்மின்னு அது கூட்டி வெச்சுக்கிட்டே வரும், டார்கெட் வந்ததும் அத கழிக்க நேரம் ஆகும், அதுக்குள்ள எகிறிடும். டார்கெட்ட நெருங்குன பிறகு மட்டும் க்ளோஸ்டு லூப் வேலை செய்ற மாதிரி வெச்சா பாதி ஸ்பைக் அடங்கிடும். குளிர்ல காத்து அடர்த்தியா இருக்கும், ஓப்பன் லூப்புல (ஈசியூ திருத்தாம விடுறப்ப) அதே டியூட்டிக்கு கொஞ்சம் கூடவே வரும், அதனால வெயில்ல போட்ட ட்யூன குளிர்ல ஒரு தடவ லாக் பண்ணி பாத்துடுங்க.

ஸ்ப்ரிங்லயே நிக்காம ஓடுனா: ஆக்சுவேட்டரும் ஃப்ளாப்பும்

வண்டி நல்லா ஆறட்டும், டர்பைன் ஹவுசிங் செக்கச்செவேல்னு பழுக்கிற அளவுக்கு சூடாகுற சாமான். கேஜ் வெச்ச கை பம்ப் ஒண்ணு எடுத்து ஆக்சுவேட்டருக்கு மெதுவா அழுத்தம் கொடுங்க. ஒர்க்ஷாப் ஏர் கம்ப்ரசர் காத்த நேரா அடிக்காதீங்க, ஆக்சுவேட்டருக்குள்ள இருக்கிற டயாஃப்ரம் கிழிஞ்சிடும், அந்த கம்ப்ரசர்தான் இருக்குன்னா ரெகுலேட்டர் வெச்சு 0.2 பார்ல ஆரம்பிங்க. ராடுல பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வெச்சா அசைவு நல்லா தெரியும். ஸ்ப்ரிங் அளவு கிட்ட வந்ததும் அசைய ஆரம்பிக்கணும், அழுத்தம் கூட கூட திக்காம திணறாம வெளிய வரணும், அழுத்தத்த விட்டா அதே மாதிரி திரும்பணும். அழுத்தத்த நிறுத்தி ஒரு நிமிஷம் பிடிச்சு வெச்சுப் பாருங்க, கேஜ் முள்ளு இறங்குனா டயாஃப்ரம் ஓட்டை.

ராடு ஒழுங்கா அசைஞ்சா அடுத்தது ப்ரீலோடு, அதாவது ஃப்ளாப் மூடியிருக்கும்போதே ராடுல இருக்கிற இழுவை. பூஸ்ட் சீக்கிரம் வரட்டும்னு ராட குட்டையாக்கி இறுக்கி வெச்சிருப்பாங்க. பல ஆக்சுவேட்டர்ல மொத்த அசைவே ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குதான், அதுல அஞ்சு மில்லிமீட்டர ப்ரீலோடே தின்னுடுச்சுன்னா கதவு பாதிதான் திறக்கும். ஃப்ளாப்ப கையால மூடிப் பிடிச்சு, ராட பின்ல இருந்து விடுவிச்சு பாத்தா ராடோட ஓட்டை பின்னுக்கு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் முன்னாடி நிக்கணும். கை பம்ப்புல அழுத்தம் கொடுத்து ராட நீட்டி மாட்டுங்க, கட்டிங் பிளையர்ல பிடிச்சு இழுக்காதீங்க. லாக் நட்ட இறுக்கும்போது ராடு கூட சுத்தாம பிடிச்சுக்குங்க, உள்ள டயாஃப்ரம் முறுக்கி கிழியும்.

ராடு கழண்டு இருக்கும்போதே ஃப்ளாப்ப கையால ஆட்டிப் பாருங்க. விரலாலயே லேசா திறந்து மூடணும். கரி பிடிச்சு இறுகியிருந்தா, புஷ் (ஃப்ளாப்போட தண்டு சுத்துற வளையம்) தேஞ்சு ஃப்ளாப் சாய்ஞ்சு எங்கயாவது மாட்டிக்கிட்டா அதுதான் உங்க கோளாறு.

இங்க என் சொந்த அனுபவம் ஒண்ணு சொல்லணும். என் வண்டில புது டவுன்பைப் மாட்டுன மறுநாள்ல இருந்து பூஸ்ட் 0.7ல நிக்காம 1.1 வரைக்கும் போச்சு. டவுன்பைப் சுதந்திரமா போகுது அதான் க்ரீப்னு நானே முடிவு பண்ணிட்டு மூணு வாரம் அலைஞ்சேன். கடைசியா டவுன்பைப்ப கழட்டி வெளிச்சத்துல திருப்பிப் பாத்தா, ஃப்ளாஞ்சோட (டர்போவோட சேர்ற முகப்போட) உள்விளிம்புல ஒரு இடத்துல மட்டும் கரி இல்லாம, நகக்கண் அளவுக்கு பிறை வடிவத்துல பளபளன்னு ஒரு தேய்மானம். ஃப்ளாப் திறக்கும்போது அங்கதான் போய் முட்டிக்கிட்டு இருந்திருக்கு. டவுன்பைப் இல்லாதப்ப கையால ஆட்டுனா முழுசா திறக்கும், மாட்டுனா பாதிதான், அதனாலதான் சோதனைல எல்லாம் பாஸ் ஆச்சு. அந்த இடத்த மூணு மில்லிமீட்டர் அரைச்சு எடுத்தேன், பூஸ்ட் 0.7ல வந்து உக்காந்துச்சு. அதனால டவுன்பைப்போ கேஸ்கெட்டோ மாத்தின வண்டின்னா, ஃப்ளாப் மேல கொஞ்சம் களிமண்ண ஒட்டி, ஃப்ளாஞ்ச மாட்டி, ராட முழுசா தள்ளி, திரும்ப கழட்டி களிமண்ணுல தடம் விழுந்திருக்கான்னு பாருங்க. நடுவுல தடுப்புச் சுவர் வெச்ச டவுன்பைப்ல இது ரொம்ப நடக்குது. பாத்து முடிச்சதும் களிமண் ஒரு துணுக்கு கூட விடாம எடுத்துடுங்க.

எக்ஸ்டர்னல் வேஸ்ட்கேட் (டர்போவுக்கு வெளிய தனியா இருக்கிறது) வண்டின்னா பக்கவாட்டு போர்ட்டுக்கு வர்ற அழுத்தம் வால்வ திறக்கும், மேல் போர்ட்டுக்கு வர்ற அழுத்தம் மூடும். ரெண்டையும் மாத்தி மாட்டுனா பூஸ்ட் ஏற ஏற கதவு இன்னும் இறுகும், முடிவே கிடையாது. ஸ்ப்ரிங் சோதனைல மேல் போர்ட் வெளிக்காத்துக்கு திறந்தே இருக்கணும், சுத்தமா இருக்கட்டும்னு அத மூடி போட்டு அடைச்சா உள்ள மாட்டுன காத்து அமுங்கி அதுவே இன்னொரு ஸ்ப்ரிங் மாதிரி வேலை செய்யும், பூஸ்ட் கூடும். ஸ்ப்ரிங் எந்த கலர், எவ்வளவு பார்னும் திறந்து உறுதி பண்ணுங்க, செகண்ட் ஹேண்ட்ல வாங்குனதுன்னா உள்ள என்ன இருக்குன்னு சொன்னவரு சொன்னத நம்ப முடியாது.

க்ரீப்னா

எல்லாம் முழுசா திறக்குது, முட்டல, கசியல, ஆனாலும் 3000ல 0.7 இருக்கிறது 6500ல 1.1 ஆகுதுன்னா ஓட்டை பத்தல. எக்ஸாஸ்ட்ட திறந்து விட்டதும் டர்பைன் வழியா போறது புகைக்கு சுலபமாயிடுச்சு, சின்ன வேஸ்ட்கேட் ஓட்டை பக்கம் அது திரும்பவே மாட்டேங்குது.

டார்கெட்ட குறைச்சா சரியாகும்னு தோணும், ஆகாது. பூஸ்ட் கம்மியா வேணும்னா புகைல பெரிய பங்க வேஸ்ட்கேட் வழியா தள்ளணும், ஓட்டை பத்தாதது இன்னும் தெளிவா தெரியும். அதே வண்டில 1.2 பார் டார்கெட் வெச்சா க்ரீப்பே இல்லாத மாதிரி நிக்கும், ஏன்னா இப்ப தள்ள வேண்டிய புகை கம்மி. இன்ஜினும் பெட்ரோலும் ட்யூனும் 1.2 தாங்கும்னா அது ஒரு வழி, தாங்காதுன்னா அந்த எண்ணத்த விட்டுடுங்க. பலமான ஸ்ப்ரிங் போடுறது, கன்ட்ரோலர் மாத்துறது எதுவும் க்ரீப்புக்கு மருந்து கிடையாது, கதவு ஏற்கனவே முழுசா திறந்துதான் இருக்கு.

மருந்துன்னா ஓட்டைய பெருசாக்கணும். டர்பைன் ஹவுசிங்க கழட்டி, வேஸ்ட்கேட் ஓட்டைய அரைச்சு அகலப்படுத்தி, புகை வர்ற பக்கத்து கூர்மையான ஓரத்த வழிச்சு விட்டு புகை தானா அந்தப் பக்கம் திரும்புற மாதிரி பண்ணணும். ஃப்ளாப் சுத்தியும் ஓட்டைய விட ரெண்டு மில்லிமீட்டராவது பெருசா இருந்து உக்காரணும், பேராசைல அகலமாக்கிட்டா மூடும்போது கசியும், பூஸ்ட் வரவே லேட் ஆகும். வெறும் ஓட்டைய விட அந்த உள் ஓரத்த வழிக்கிறதுதான் நிறைய பலன் தரும்னு நான் நினைக்கிறேன். அதுவும் பத்தலேன்னா எக்ஸ்டர்னல் வேஸ்ட்கேட், ஆனா அத மேனிஃபோல்டுல எல்லா குழாயும் சேர்ற இடத்துல, புகை போற திசைக்கு சாய்வா வெல்டு பண்ணணும். 44 மில்லிமீட்டர் வால்வ செங்குத்தா ஒட்டுனா ஒழுங்கா வெச்ச 38 அளவுக்கு கூட வேலை செய்யாம போகலாம். அதுவரைக்கும் ஓட்டணும்னா கழட்டுன கேட்டலிடிக் கன்வர்ட்டர திரும்ப மாட்டுங்க, அந்த அடைப்பே க்ரீப்ப அடக்கும். அத கழட்டிட்டு ரோட்டுல ஓட்டுறது நிறைய நாட்டுல சட்டப்படி குத்தமும் கூட.

டீசல் வண்டி பத்தி சுருக்கமா: விஜிடி (வேரியபிள் ஜியோமெட்ரி) டர்போல பெரும்பாலும் வேஸ்ட்கேட்டே கிடையாது, உள்ள இருக்கிற வேன்கள் (சின்ன தகடுகள்) திரும்பித்தான் பூஸ்ட்ட அடக்கும். புகைக்கரி பிடிச்சு வேன் மூடின நிலைல மாட்டிக்கிட்டா ஓவர்பூஸ்ட் ஆகி பி0234ங்கிற எரர் கோடு போட்டு லிம்ப் மோடுக்கு (பவர குறைச்சு ஓட்டுற பாதுகாப்பு நிலைக்கு) போகும், சாவிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சில சமயம் சரியான மாதிரி ஓடும், மறுபடி வரும். வாக்குவம் ஆக்சுவேட்டர்னா கை பம்ப்புல வாக்குவம் கொடுத்து ராடு முழு தூரம் தடங்கல் இல்லாம போய் வருதான்னு பாருங்க, திக்குனா சுத்தம் பண்ணணும்.

சரி பண்ண பிறகு

ஓவர்பூஸ்ட்ல கொஞ்ச நேரமாவது ஓடின இன்ஜின்னா அப்படியே விட்டுடாதீங்க. ஸ்பார்க் ப்ளக்க கழட்டி வெள்ளை பீங்கான் பகுதிய லென்ஸ் வெச்சு பாருங்க, மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளியோ, மினுமினுன்னு அலுமினியத் துளியோ, விரிசலோ இருந்தா நாக்கிங் நடந்திருக்கு. கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணி சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள்ள இருக்கான்னு பாருங்க. டர்போ ஷாஃப்ட்ட ஆட்டிப் பாருங்க, கம்ப்ரசர் வீல் சுவர்ல உரசின தடம் இருக்கக் கூடாது.

கடைசியா ஈசியூல ஓவர்பூஸ்ட் கட்ட டார்கெட்டுக்கு 0.2 பார் மேல செட் பண்ணுங்க, செட் பண்ணதோட விடாம அது நிஜமா வேலை செய்யுதான்னும் பாருங்க. ஸ்ப்ரிங் பூஸ்ட்ல ஓடும்போது கட் அளவ தற்காலிகமா ஸ்ப்ரிங் அளவுக்கு கீழ இறக்கி பாதி மிதில ஒரு ஓட்டம் விட்டா கட் ஆகணும், ஆனா உடனே பழைய அளவுக்கு ஏத்திடுங்க. அப்புறம் ரெண்டு மூணு நாள் ஓட்டி, வண்டி சூடேறி ஆறி சூடேறி ஆறின பிறகு ஹோஸ் கிளாம்பெல்லாம் இன்னொரு தடவ இறுக்கி, அதே கியர்ல அதே மாதிரி ஒரு லாக் எடுத்து முதல் லாக் பக்கத்துல வெச்சுப் பாருங்க.